மடிக்கணினியின் குரல் எங்கே போனது

என் மடிக்கணினிக்கு வயதாகிவிட்டது என்று முதலில் எனக்குச் சொன்னது மடிக்கணினியேதான். காலையில் மூடியைத் திறந்தால், நான் மின்னஞ்சலுக்குப் போவதற்குள் முந்திக்கொண்டு ஓர் அறிவிப்பை வாசிக்கும். இந்த இயங்குதளத்துக்கு இனிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வராது, புதிய பதிப்புக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று சொல்லும். சரி, மாறுவோம் என்று உள்ளே போனால், உங்கள் கணினி புதிய பதிப்புக்குத் தகுதியற்றது என்று அதே குரல் அதே பணிவோடு சொல்லும். சில வாரங்கள் இரண்டையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கண் தெரியாது. இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவம் படிக்கும்போது கண்ணில் அழுத்தம் கூடி, பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பிறகு முழுக்கப் போய்விட்டது. அதற்கு முன் பார்த்தவை நினைவில் இருக்கின்றன. எங்கள் தோட்டத்து லயத்தில் வரிசை வீடுகளின் நீலக் கதவுகள், லோரியில் குவித்த, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளின் நிறம், வாய்க்காலில் ஓடிய, பால் விடாத தேத்தண்ணி நிறத் தண்ணீர், எல்லாம் இருக்கின்றன. கணினித் திரை மட்டும் இல்லை. எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் அறையில் ஒரு கணினி இருந்தது. அதன் மேல் எப்போதும் பூப்போட்ட துணி போர்த்தியிருக்கும். நான் பார்த்தது அந்தத் துணியைத்தான். கணினி பழகியதெல்லாம் பிறகு, கோலாலம்பூரில், காதால்.

திரையில் இருப்பதை எல்லாம் குரலாக மாற்றிச் சொல்லும் மென்பொருள் ஒன்று உண்டு. திரைவாசிப்பான் என்பார்கள். எலியைத் தொடவே மாட்டேன். விசைகளை அழுத்துவேன், அது சொல்லும், கேட்பேன், அடுத்ததை அழுத்துவேன். அதனால் என் மனசில் கணினி என்பது நீளமான ஒரு வரிசை. நடைபாதையில் இருபக்கமும் உள்ள கதவுகளைத் தட்டிக்கொண்டே போவது மாதிரி, ஒன்றுக்குப் பிறகுதான் இன்னொன்று வரும். கண் உள்ளவர்களுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் எதிரே விரிந்து கிடக்கும் என்று தெரியும். தெரியும் என்றால், அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

வேலையும் அதில்தான். கூட்டங்கள், நேர்காணல்கள், பாடங்கள் என்று வரும் ஒலிப்பதிவுகளைக் கேட்டு மலாயிலும் தமிழிலும் எழுத்தாக்கி அனுப்புவேன். ஷா ஆலாமில் உள்ள ஒரு நிறுவனம் வேலை கொடுக்கிறது. அலுவலகம் போக வேண்டியதில்லை. கோல சிலாங்கூருக்கும் பழைய தோட்டங்களுக்கும் நடுவில் உள்ள ஒரு தாமான் குடியிருப்பில், அண்ணன் வீட்டுப் பின்னறையில் என் மேசை இருக்கிறது.

கோல சிலாங்கூர் கடைவரிசையில் கணினி பழுது பார்க்கும் சீன இளைஞர் ஒருவர்தான் வழி சொன்னார். இந்தப் பழைய இயந்திரத்தில் லினக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றைப் போடலாம், இலவசம், திரைவாசிப்பானும் அதிலேயே இருக்கிறது என்றார். நானும் அதைப் பற்றிக் கைப்பேசியில் படித்திருந்தேன். படித்ததிலிருந்தே உள்ளே ஓர் ஆசை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் குடியிருந்தவளுக்கு இன்னொரு வீட்டின் அறைகள் எப்படி இருக்கும் என்று பார்க்கத் தோன்றாதா? போடுங்கள் என்றேன்.

சனிக்கிழமை நானும் அண்ணனும் போய் மடிக்கணினியைத் திரும்ப வாங்கினோம். கடையிலேயே ஓடவிட்டுக் காட்டினார். புதுக் குரல் தெளிவாக, கொஞ்சம் மூக்கால் பேசியது. அம்புக்குறி விசைகளை அழுத்திப் பார்த்தேன், சரியாகச் சொன்னது. ஒரு சின்ன விஷயம் மட்டும் காதில் பட்டது. விசைகள் என் வயிற்று உயரத்தில் இருந்தன. குரல் என் நெற்றிக்கு நேரே, கொஞ்சம் இடதுபக்கமிருந்து வந்தது. கடைக்குள் காற்றாடி ஓடியது, வெளியே மோட்டார் சைக்கிள்கள். சுவரில் பட்டு எதிரொலிக்கிறது போல என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மேசையில் வைத்துத் திறந்தேன். உள்ளே விசிறி சுற்றியது. உள்ளங்கைக்குக் கீழே சூடு ஏறியது. கடவுச்சொல்லைத் தட்டி நுழைவு விசையை அழுத்தினேன். பேசவில்லை. காத்திருந்தேன். திரைவாசிப்பானை எழுப்பும் விசைகளை அழுத்தினேன். ஒலியைக் கூட்டும் விசையை அழுத்திக்கொண்டே இருந்தேன். விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

கண் உள்ளவர்களுக்குக் கணினியில் சத்தம் போனால் பாட்டு கேட்க முடியாது, அவ்வளவுதான். சத்தம் எங்கே போனது என்று திரையைப் பார்த்துத் தேடுவார்கள். எனக்கோ தேடுவதற்கு வேண்டிய கருவியே தொலைந்த பொருளாகிவிட்டது. கடைக்கு அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. குரல்செய்தி அனுப்பினேன். சுங்கை பெசாரில் உறவினர் கல்யாணம், திங்கட்கிழமைதான் கடை திறப்பேன் என்று பதில் வந்தது. திங்கட்கிழமை காலையில் எனக்கு ஒரு வேலை முடிந்திருக்க வேண்டும்.

கைப்பேசி இருந்தது. எதிரே உள்ளதைப் படமெடுத்து விவரிக்கும் செயலி அதில் உண்டு. மடிக்கணினிக்கு நேராகப் பிடித்தேன். “மேசை மேல் மடிக்கணினி. அருகில் ஒரு கோப்பை. பின்னால் சன்னல் திரைச்சீலை,” என்றது. இன்னும் கிட்டே கொண்டுபோனேன். “பளபளப்பான பரப்பு. அதில் ஒரு பெண்ணின் முகம் தெரிகிறது,” என்றது. அது நான்தான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் ஞாயிறு. அண்ணன் செம்பனை லோரி ஓட்டுபவர். கலும்பாங் பக்கம் லோரியில் ஏதோ பழுது என்று விடியும்போதே போயிருந்தார். வீட்டில் நானும் அண்ணியும்தான். அண்ணி ஆற்றோரக் கடலுணவுக் கடை ஒன்றில் காலைநேரச் சமையல்கட்டு வேலை பார்க்கிறார். மதியம் வந்து குளித்துவிட்டுக் கொஞ்சம் படுப்பார். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து எத்தனையோ வருஷமாகிறது. எங்களுக்குள் சண்டை கிடையாது. ரொம்பப் பேச்சும் கிடையாது. சாப்பிட்டியா, மழை வருது, துணிய எடுத்துட்டேன், இப்படித்தான். என் அறையைக் கூட்டுவார், மேசையை மட்டும் தொடமாட்டார். அவருக்கு இந்தப் பெட்டி மேல் ஆர்வமில்லை என்று நானே முடிவு செய்துவைத்திருந்தேன்.

வேறு வழியில்லாமல் போய்க் கூப்பிட்டேன்.

“அண்ணி, படுக்கிறதுக்கு முன்னாடி ஒரு உதவி. என் லேப்டாப் பேச மாட்டேங்குது. திரையில என்ன இருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?”

“நானா?” என்றார். “பாப்பா, எனக்கு அதெல்லாம் தெரியாது. தொட்டு ஏதாச்சும் கெட்டுப்போச்சுன்னா?”

நாற்பது தாண்டியும் எனக்கு வீட்டில் பாப்பா என்றுதான் பெயர்.

“நீங்க தொடவே வேணாம். நான் தொடறேன், நீங்க பாருங்க.”

நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. சோப்பு வாசனையும் அதற்கடியில் லேசான இறால் வாசனையுமாக என் இடதுபக்கம் உட்கார்ந்தார்.

“இப்ப என்ன தெரியுது?”

“படம் தெரியுது. அழகா இருக்கு. இந்தப் பக்கம் ஒரு வரிசை, அங்க மேல சின்னச் சின்னதா என்னமோ.”

“இந்தப் பக்கம்னா?”

“இங்க.”

“அண்ணி, இங்கன்னா எனக்குத் தெரியாது.”

“ஆமால்ல,” என்றார். பிறகு, “உன் இடது கைப் பக்கம், மேலேர்ந்து கீழ வரைக்கும் படங்களா ஒரு வரிசை. உன் வலது கைப் பக்கம், உச்சியில, மூணு சின்னப் படம் ஒட்டிக்கிட்டு இருக்கு,” என்றார்.

“அதுல ஸ்பீக்கர் மாதிரி ஒண்ணு இருக்கா?”

“ஸ்பீக்கர் படம் எப்படி இருக்கும்?”

எனக்குத் தெரியவில்லை. இத்தனை காலம் அந்தச் சொல்லைக் குரலாகத்தான் கேட்டிருக்கிறேன். கைப்பேசியில் தேடிப் படித்த ஆலோசனைகள் எல்லாம் ‘வலது மூலையில் உள்ள ஒலிபெருக்கிப் படத்தைச் சொடுக்குங்கள்’ என்றே ஆரம்பித்தன. அந்தப் படம் எப்படி இருக்கும் என்று யாரும் எழுதவில்லை, அதைப் பார்க்காதவர்கள் உலகத்தில் இல்லாத மாதிரி.

“புனல் மாதிரி ஒண்ணு இருக்கு, படுக்கவெச்ச புனல்,” என்றார் அண்ணி. “அதோட வாயிலேர்ந்து வளைவு வளைவா கோடு வருது.”

“எத்தன பெரிசு?”

“அரிசி அளவுதான் இருக்கும்லா.”

அரிசி அளவுக்குப் படுக்கவைத்த புனல். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. வந்த வேலையை மறந்து மற்ற இரண்டு படங்களையும் கேட்டேன். ஒன்று விசிறியைக் கவிழ்த்த மாதிரி என்றார், அது வைஃபையாக இருக்க வேண்டும். இன்னொன்று பேட்டரி. “அது பேட்டரி மாதிரியே இருக்கு,” என்று சொல்லிச் சிரித்தார்.

சன்னல் படம் போட்ட விசையைத் தட்டி, ‘சவுண்ட்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதி, நுழைவு விசையை அழுத்தினேன். ஒலி அமைப்புகள் திறக்க வேண்டும். திறந்தது என்றார் அண்ணி. அவருக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவர். ஒவ்வோர் எழுத்தாகச் சொல்வார், நான் சேர்த்துச் சொல்வேன், அவர் ஆமாம் என்பார். ஓ யூ டி பி யூ டி. அவுட்புட். டி ஈ எஸ் டி. டெஸ்ட். பத்து வரி உள்ள ஒரு பக்கத்தைப் படிக்க நீண்ட நேரம் பிடித்தது. என் திரைவாசிப்பான் அதை ஒரு மூச்சில் சொல்லியிருக்கும். ஆனால் திரைவாசிப்பான் சொல்லாத ஒன்றை அண்ணி சொன்னார்.

“பாப்பா, இங்க ஹெட்போன்ஸ்னு போட்டிருக்கு. நீ ஹெட்போன் மாட்டவே இல்லியே?”

“வேற ஏதாவது பேர் இருக்கா? ஸ்பீக்கர்ஸ்னு?”

“இல்ல. அது ஒண்ணுதான்.”

“சத்தம் எவ்வளவு வெச்சிருக்கு?”

“கோடு முழுக்க நீலமா இருக்கு. கடைசி வரைக்கும் தள்ளியிருக்கு.”

அப்படியென்றால் கணினி பேசிக்கொண்டுதான் இருக்கிறது. முழுச் சத்தத்தில், நேற்றிலிருந்து, யாரோ மாட்டியிருப்பதாக அது நம்பும் ஒரு ஹெட்போனுக்குள் பேசிக்கொண்டிருக்கிறது. இது புரிந்தது. கோபமெல்லாம் போய்விட்டது. அப்படி நம்பக் காரணம் என்ன என்று தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்றாகிவிட்டது.

“சரி, அது கேக்கிறதையே கொடுத்துப் பார்ப்போம்,” என்றார் அண்ணி. எழுந்து போய் அலமாரி இழுப்பறையைக் குடைந்தார். அண்ணனுடைய பழைய ஹெட்போன் ஒன்றைக் கொண்டுவந்தார், உருண்டை முனை வைத்தது. மடிக்கணினியின் பக்கவாட்டில் துளையைத் தடவி அதைச் செருகினேன். பாதிக்கு மேல் போகவில்லை. அழுத்தினேன். முட்டிக்கொண்டு நின்றது.

“உள்ள ஏதோ இருக்கு, அண்ணி.”

“நகரு, நான் பார்க்கறேன்.” தொடமாட்டேன் என்றவர்தான். மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, கைப்பேசி விளக்கைப் போட்டுக் குனிந்தார். அவர் மூச்சு என் கையில் பட்டது.

“மின்னுது,” என்றார். “உள்ளுக்குள்ள, கடைசியில, மஞ்சளா மின்னுது. தோடு திருகாணி மாதிரி.”

விரலை வைத்துப் பார்த்தேன், எட்டவில்லை. ஆனால் அது என்ன என்று உடனே தெரிந்துவிட்டது. கொஞ்ச காலத்துக்கு முன்னால் என் ஹெட்போன் கம்பியில் அண்ணன் கால் தடுக்கி, மடிக்கணினி மேசையிலிருந்து இழுபட்டது. மடிக்கணினியைப் பிடித்துவிட்டோம். ஹெட்போன் அதோடு போனது. முனை முறிந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டேன். மீதி முனை எங்கே என்று யோசிக்கவில்லை. அன்றிலிருந்து மடிக்கணினியின் சொந்த ஒலிபெருக்கியிலேயே வேலை செய்துவந்தேன். அந்த மீதி இத்தனை நாளும் துளைக்குள் உட்கார்ந்திருக்கிறது.

“அப்ப இத்தன நாளா எப்படிப் பேசுச்சு?” என்று கேட்டார் அண்ணி.

நல்ல கேள்வி. பழைய இயங்குதளம் அந்த முனையைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்க வேண்டும். புதியது வந்ததும் வராததுமாக வீடு முழுக்கச் சுற்றிப்பார்த்து, இங்கே ஒன்று செருகியிருக்கிறதே என்று கண்டுபிடித்திருக்கிறது. ஏன் அதற்குத் தெரியவில்லை, இதற்கு எப்படித் தெரிந்தது என்பது இன்றைக்கும் எனக்கு முழுசாக விளங்கவில்லை.

“கடையில பேசுச்சுன்னு சொன்னியே?”

அப்போதுதான் அந்தக் குரலின் உயரம் ஞாபகம் வந்தது. விசைகள் கீழே, குரல் நெற்றிக்கு நேரே. கடைக்காரருக்குக் குரல்செய்தி அனுப்பினேன்: நேற்று என் மடிக்கணினியோடு வேறு ஏதாவது சேர்த்திருந்தீர்களா? பின்னணியில் கல்யாண வீட்டுக் கரோக்கேயோடு பதில் வந்தது. ஆமாம், பெரிய திரை ஒன்றைக் கம்பியில் இணைத்திருந்தேன், எனக்குச் சின்னத் திரையில் வேலை செய்யப் பிடிக்காது, ஏன் கேட்கிறீர்கள்? அந்தக் கம்பி படத்தோடு சத்தத்தையும் கொண்டுபோகும் வகை. நான் கேட்டது பெரிய திரையின் ஒலிபெருக்கியை. என் மடிக்கணினி அந்தக் கடையில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

“உன் காது சரியாத்தான் கேட்டிருக்கு,” என்றார் அண்ணி.

“கேட்டுச்சு. நான்தான் அத நம்பல.”

முனையை எடுக்கப் பார்த்தோம். அண்ணி சமையலறையிலிருந்து இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே குச்சி கொண்டுவந்தார். இறால் முதுகில் நரம்பு எடுக்கும் கை அது, நடுங்காது. குச்சியின் நுனியில் பசை தொட்டு ஒட்டி இழுக்கலாம் என்று எங்கேயோ படித்ததைச் சொன்னேன். “பசை உள்ள ஒழுகிடுச்சுன்னா?” என்றார். அதுவும் சரிதான். பசையில்லாமல் நெம்பிப் பார்த்தார். அசையவில்லை. கொஞ்சம் உள்ளேதான் போயிற்று. விட்டுவிட்டோம்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டின் தகரக் கூரையில் ஓவென்று கொட்டியது. அண்ணி துணி எடுக்க ஓடினார். அந்த நேரத்தில் நான் கைப்பேசியைக் காதில் வைத்துத் தேடினேன். முனை முறிந்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். துளைக்குள் ஈரம் போனவர்கள், எறும்பு போனவர்கள்கூட இருந்தார்கள். எல்லோருடைய கணினியும் இல்லாத ஹெட்போனை நம்பி வாயை மூடிக்கொண்டிருந்தது. ஒருவர் எழுதியிருந்தார்: ஹெட்போன் மாட்டினால் ஒலிபெருக்கியைத் தானாக அடைக்கும் ஓர் ஏற்பாடு உண்டு, அதை நிறுத்திவிட முடியும். அமைப்புகள் பக்கத்தில் அது இருக்காது. ஆல்சாமிக்சர் என்று கட்டளை எழுதித் திறக்க வேண்டும்.

அண்ணி திரும்பி வந்தார். படுக்கப் போவார் என்று நினைத்தேன். நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். “அப்புறம்?” என்றார்.

கட்டளைகளை எழுதும் சாளரத்தைத் திறக்கும் விசைகளை அழுத்தினேன்.

“ஐயையோ, கத்தரிக்கா கலர்ல ஒரு பெட்டி வந்திருச்சு. நான் ஒண்ணும் பண்ணல!”

“நான்தான் கூப்பிட்டேன். வரட்டும்.” ஆல்சாமிக்சர் என்று எழுதி அழுத்தினேன். “இப்ப?”

அண்ணி திரையருகே குனிந்தார். பிறகு மெதுவாக, “இது வேற மாதிரி இருக்கு, பாப்பா. எல்லாம் கறுப்பு. அதுல தெர்மாமீட்டர் மாதிரி வரிசையா நிக்குது. கீழ பச்ச, நடுவுல வெள்ள, உச்சியில செவப்பு,” என்றார்.

“என்ன பச்ச?”

“பச்சதான்.”

“செம்பனை ஓலை மாதிரியா?”

“இல்ல, இது பொய்ப் பச்ச. பண்டான் கேக் இருக்கில்ல, அந்தப் பச்ச.”

எனக்கு அந்தப் பச்சை தெரியும். சின்ன வயதில் தோட்டத்து வாசலில் பண்டான் இலைச் சாறு கலந்த அந்தக் கேக்கைச் சைக்கிளில் கொண்டுவந்து விற்பார்கள். கறுப்பில் பண்டான் கேக் பச்சை வரிசையாக நிற்பதை மனசில் பார்த்தேன். கணினித் திரை என்று நான் பார்த்த முதல் காட்சி அதுதான்.

ஒவ்வொன்றின் கீழும் பெயர் எழுதியிருந்தது. வலது அம்பை அழுத்த அழுத்த அண்ணி எழுத்துக் கூட்டினார். மாஸ்டர். ஹெட்போன். ஸ்பீக்கர்.

“ஸ்பீக்கர் அடியில சின்னப் பெட்டியில எம் எம்னு இருக்கு. மத்ததுல பூஜ்யம் பூஜ்யம்.”

எம் எம் என்றால் வாயடைத்திருக்கிறது என்று பொருள். எம் விசையைத் தட்டினேன். “பூஜ்யமாயிருச்சு,” என்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டு இருவரும் கேட்டோம். மழை மட்டும்தான்.

“இன்னும் வலது பக்கம் போ,” என்றார் அண்ணி. நான் சொல்லாமலே அவருக்குப் பிடிபட்டிருந்தது. போனேன். கடைசியில் ஒன்றுக்குத் தெர்மாமீட்டரே இல்லை என்றார், எழுத்து மட்டும் இருக்கிறது. “ஏ யூ டி ஓ. ஆட்டோ. எம் யூ டி ஈ.”

“மியூட். அதுதான், அண்ணி. அதுக்கு மேல என்ன இருக்கு?”

“ஈ என் ஏ பி...”

“எனேபிள்ட். இப்ப அம்பை அழுத்தறேன், மாறுதான்னு பாருங்க.”

அழுத்தினேன். “மாறிருச்சு, டி ஐ எஸ்...” அவர் முடிக்கவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவிலிருந்து குரல் வெடித்துக்கொண்டு வந்தது. நேற்று நான் ஒலியை உச்சிக்கு ஏற்றி வைத்திருந்தேன், அது எனக்கு மறந்தே போய்விட்டது. அண்ணி அலறி எழுந்ததில் நாற்காலி பின்னால் விழுந்தது. குரல் நிற்காமல் பொரிந்து தள்ளியது. நான் சிரித்துக்கொண்டே சத்தத்தைக் குறைக்கும் விசையைத் தேடினேன். விழுந்த நாற்காலியைத் தூக்கிப் போட்டுவிட்டு அண்ணியும் சிரித்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. அல்லது சமையலறையில் சிரித்திருப்பார், என் அறைக்கு எட்டியிருக்காது.

“என்ன பேச்சு பேசுது! ஒண்ணும் புரியல.”

“எனக்குப் பழக்கமான வேகம் இது.”

“இதையா நாள் முழுக்கக் கேக்கற?”

வேகத்தைக் குறைத்துக் காட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாக வார்த்தைகள் பிரிந்து வந்தன. “ஓ, இப்ப பேச்சா இருக்கு,” என்றார். தமிழ் பேசுமா என்று கேட்டார். புது இயங்குதளத்தில் தமிழ்க் குரல் ஒன்று இருப்பதாகப் படித்திருந்தேன், எனக்கே அது எப்படி இருக்கும் என்று தெரியாது. அமைப்புகளுக்குள் நுழைந்து தேடினோம். இந்த முறை கண்ணுக்கு அண்ணியும் காதுக்கு நானுமாக, சீக்கிரமே கிடைத்தது. வணக்கம் என்று எழுதினேன். காய்ச்சலில் கிடப்பவர் போல ஒரு குரல் அதை வாசித்தது.

“ஐயோ பாவம், யார் இவரு?” என்றார் அண்ணி.

அவருடைய ஊர்ப் பெயரை எழுதச் சொன்னார். ‘கலும்பாங்’ என்று அது சொன்னது. இன்னொரு தடவை சொல்ல வைத்தார். ‘வாழைப்பழம்’ எழுதச் சொன்னார். கேட்டுவிட்டு, “நம்மளவிட நல்லா சொல்லுதே,” என்றார். பிறகு அவர் கடையில் வாங்கும் மீன்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதினேன். மலாய்ப் பெயர்களில் அது தடுமாறியது. செனாங்கின் மீனின் பெயரை நான்கு விதமாக உடைத்தது. நான் வேலையைத் தொட்டிருக்க வேண்டிய நேரம். தொடவில்லை.

பள்ளிவாசலிலிருந்து மாலை அஸார் தொழுகைக்கான பாங்கு கேட்டு ஓய்ந்த பிறகு அண்ணி ஒன்று கேட்டார். “நான் கண்ண மூடிக்கிட்டா, உன்ன மாதிரி இதுல எதையாச்சும் தேட முடியுமா?”

“என்ன தேடறீங்க?”

“கணக்குப் போடற பெட்டி இருக்குமே.”

நாற்காலியை மாற்றிக்கொண்டோம். அவர் விரலைப் பிடித்து அம்பு விசைகளின் மேல் வைத்தேன். தண்ணீரில் ஊறி நுனி சுருங்கிய விரல்கள். குரலை இன்னும் மெதுவாக்கினேன். அவர் ஒரு விசை அழுத்துவார், கேட்பார், யோசிப்பார், அடுத்ததை அழுத்துவார். இரண்டு தடவை வழி தவறி எங்கேயோ போனார். “எல்லாம் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா நிக்குதுல்ல,” என்றார். “எங்க இருக்கேன்னே தெரியல.” சொல்லிக்கொடுக்கவா என்றேன். வேண்டாம் என்றார்.

மழை விட்டிருந்தது. வாசலில் அண்ணனின் மோட்டார் சைக்கிள் நின்றது. ஈரக் காலணிகளைக் கழற்றும் சத்தம், பிறகு சமையலறைக்குப் போய்த் திரும்பும் காலடி. தேத்தண்ணி இல்லையே என்று தேடிக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றார்.

“என்னா இது, இவ எதுக்குக் கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருக்கா?”

“இருங்க, பேசாதீங்க,” என்றார் அண்ணி. “வழி தவறிருவேன்.”

விசை ஒன்று அழுந்தியது. இன்னொன்று. கால்குலேட்டர் என்றது குரல்.